பதினொன்று புள்ளி பூஜ்யம்

இரவு ஒன்றே காலுக்குத் திரையில் ஒரு கோடு
மேலே ஏறியது, இறங்க மறந்தது.
பத்து ஆம்பியர். நூறு. லட்சம்.
பிறகு எண்ணே இல்லை.
இதற்கு மேல் காலத்தை நறுக்க முடியாது என்று
சிவப்பில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு
மென்பொருள் கையை விரித்தது.

நீடாமங்கலம். மூணாறு தலைப்புக்குப் போகும் சாலையில்
டயர்க்கடைக்கு மேல் வாடகை அறை.
கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
லேப்டாப்பில் பத்தொன்பது சதவீதம்.
மேசையில் இரண்டு சுருள்கள்:
நாலங்குல பிவிசி குழாயை வளையமாக அறுத்து
ஜெசிந்தா சுற்றியவை, சுற்றும் பத்தொன்பது.

வாய்க்கால் சேற்றில் புதைத்த ஈரமானிக்கு
தோண்டாமல், கம்பி கொடுக்காமல்
மேலிருந்தே சோறூட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வகைக்கெழுச் சமன்பாடு இரண்டு.
ஒவ்வொன்றின் வீட்டிலும் மற்றதன் பெயர்.
இதில் எவ்வளவு ஓடுகிறது என்பது அதற்குப் பொருட்டில்லை,
எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதே அதன் காதில் விழும்.
நாளெல்லாம் ஒரே அளவாய் ஓடிக்கொண்டிருந்தால்
பக்கத்துச் சுருளுக்கு நீ இல்லவே இல்லை.

ஆற்றை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். பொருந்தவில்லை.
வெண்ணாறு இங்கே வந்து மூன்றாகிறது.
கோரையாறு போனது போனதுதான்,
திரும்பி வந்து எதையும் சொல்லாது.
சுருள் சொல்லும்.
வாங்கிய கையோடு திருப்பித் தரும்,
தந்ததை மறுபடி கேட்கும்.

காலப்படியைப் பாதியாக்கினேன்.
அதிலும் பாதி.
மின்தடையைக் கூட்டினேன்.
சுற்றிய திசைக்கு வைக்கும் புள்ளியை
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாற்றினேன்.
கோடு கீழ்ப்பக்கமாக வெடித்தது.

"தூங்கலியா நீ?"
"எம் எவ்வளவுன்னு எழுதின?"
"பதினொண்ணு."
"தாள்ல நூத்திப்பத்துன்னு இருக்கு."
"பதினொண்ணு புள்ளி பூஜ்யம். ஈரக்கையால எழுதினேன்டி."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.
இரண்டாவது ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே
வெளிறிய ஒரு நீலம். புள்ளி இருந்த இடம்.

சுருள் ஒவ்வொன்றுக்கும் தன்பங்கு நாற்பத்தெட்டு.
இருவருக்கும் பொதுவானது அதைத் தாண்டாது;
சொன்னதைவிட அதிகம் எவரும் கேட்டுவிட முடியாது.
நான் தாண்டவிட்டிருந்தேன்.
மென்பொருள் ஏன் என்று கேட்கவில்லை,
சொன்னபடி கூட்டிக் கழித்தது.

மெய்யின் தலையில் புள்ளியை விட்டால்
உயிர் ஏறிக்கொள்ளும்.
எங்கிருந்தும் வராத ஓர் உயிர்
என் சுற்றில் ஏறிக்கொண்டு
இவ்வளவு நேரம் கூத்தாடியிருக்கிறது.

புள்ளி வைத்தேன்.
பதினொரு சதவீதம் மிச்சமிருக்கையில் ஓடவிட்டேன்.
முதலாவது துடித்தது, தளர்ந்தது,
இரண்டே அலையில் அடங்கி நின்றது.
அது அடங்கிய அந்த நொடியில்
இரண்டாவது முழுசாக எழுந்திருந்தது.
பிறகு இது அடங்க, அது எழ.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குள்ளமாக,
கம்பியின் சூட்டுக்குக் கொடுத்தது போக.
நிழலாகக்கூட எங்கேயும் உபரி இல்லை.
திரை அணைந்த பிறகும் கொஞ்ச நேரம்
இருட்டில் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குள்.

காலையில் முழங்கால் தண்ணீரில் நின்றோம்.
இரண்டு விரற்கடைச் சேற்றுக்கு அடியில் ஒன்று,
மேலே என் கையில் மற்றது.
கணக்கு எட்டு வோல்ட் என்றது.
மீட்டர் ஐந்து புள்ளி ஆறு என்றது.
(புள்ளியை இரண்டு முறை பார்த்தேன்.)

"மிச்சம் எங்க போச்சு?"

என் கை கோணியதில் கொஞ்சம்.
மீதியைச் சேறு எடுத்திருக்கும்:
யூரியா கரைந்த சேறு, அதுவும் ஒரு சுருள்தான்,
கம்பியில்லாத ஒற்றைச் சுற்று.
நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"சேத்துக்கும் ஒரு வரி போட்டுடு"
என்றாள் ஜெசிந்தா, மதகுச் சுவரில் காலைத் தேய்த்தபடி.
எழுதுகிற வரியா, கட்டுகிற வரியா
என்று நான் கேட்கவில்லை.